மன்னிப்பை ஏற்க மறுத்த இரு மிஷனெரிகள்: ஜார்ஜியா மாநிலச் சட்டமும் 1832-ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

1831-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கு அன்று தலைநகராக விளங்கிய மில்லெட்ஜ்வில் நகரின் சிறைவாயிலுக்குப் பதினொரு கைதிகள் கொண்டுவரப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டிருந்தது. ஆளுநரின் மன்னிப்பும் அவர்களுக்காக அங்கே காத்திருந்தது. ஜார்ஜியாவின் சட்டங்களுக்குக் கீழ்ப்படிவதாக ஆணையிட வேண்டும், அல்லது செரோக்கி நாட்டைவிட்டு வெளியேறுவதாக வாக்களிக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்தால் வீடு திரும்பலாம். ஒன்பது பேர் அதை ஏற்றுத் திரும்பினர். சாமுவேல் ஆஸ்டின் வூஸ்டர், எலிசூர் பட்லர் என்னும் இரு மிஷனெரிகள் மட்டும் மறுத்துச் சிறைக்குள் சென்றனர்.

இவ்விருவரும் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். நம் திருச்சபைச் சரித்திரத்தில் ‘அமெரிக்கன் மிஷன்’ என்று வழங்கும் சங்கம், 1810-இல் மாசச்சூசெட்ஸில் தோன்றியது. அது 1816-இல் யாழ்ப்பாணத்தில் தன் பணியைத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டே செரோக்கி மக்களிடையே பிரெய்னெர்ட் என்னுமிடத்தில் ஒரு நிலையத்தை அமைத்தது. 1834-இல் மதுரைக்கு வந்தது. சங்கத்தின் முதல் செயலராயிருந்த சாமுவேல் வூஸ்டர் 1821-இல் பிரெய்னெர்டுக்குச் சென்றிருந்தபோது அங்கேயே மரித்தார். சிறை புகுந்த வூஸ்டர் அவருடைய உடன்பிறந்தாரின் மகன். யாழ்ப்பாணத்துக்குப் பணம் அனுப்பிய அதே பாஸ்டன் குழுதான், மில்லெட்ஜ்வில் சிறையிலிருந்தவர்களுக்கும் ஆலோசனை எழுதி அனுப்பியது. ஆகவே இந்த வழக்கின் கதை நம்முடைய மிஷன் சரித்திரத்துக்கு ஒரு பக்கவாட்டு அறையைப் போன்றது. அவ்வறையின் கதவை நாம் அதிகம் திறந்ததில்லை.

நிலமும் உடன்படிக்கைகளும்

வழக்கைப் புரிந்துகொள்ள நிலத்தின் கதையிலிருந்து தொடங்குதல் நலம். செரோக்கி மக்கள் அப்பலேச்சியன் மலைத்தொடரின் தென்பகுதியில் வாழ்ந்தவர்கள். புதிதாகத் தோன்றிய அமெரிக்க அரசு 1785-இல் ஹோப்வெல் என்னுமிடத்திலும், 1791-இல் ஹோல்ஸ்டன் ஆற்றங்கரையிலும் அவர்களோடு உடன்படிக்கை செய்து, எல்லைகளை வரையறுத்து, எஞ்சிய நிலம் அவர்களுடையதே என உறுதியளித்தது. ஆனால் 1802-இல் அதே கூட்டரசு ஜார்ஜியா மாநிலத்துக்கு மற்றொரு வாக்குறுதியைக் கொடுத்தது. ஜார்ஜியா தன் மேற்குப் பகுதி நிலங்களைக் கூட்டரசிடம் ஒப்படைக்கும். அதற்கு ஈடாகக் கூட்டரசு, மாநில எல்லைக்குள் பூர்வகுடிகளுக்கு உள்ள நில உரிமையைச் சமாதான முறையில், நியாயமான விலைக்குத் தீர்த்துவைக்கும் என்பதே அது. ஒரே நிலத்தைக் குறித்து இரு தரப்பாருக்கு அளிக்கப்பட்ட இந்த இரு வாக்குறுதிகளுமே பின்னாளைய துயரங்களுக்கு வித்து எனலாம். நியாயமான விலைக்கு விற்க உரியவர் மனமொப்பாவிடில் என்ன செய்வது என்பதை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

செரோக்கியர் மனமொப்பவில்லை. வேடர் கூட்டம் நாளடைவில் மேற்கே நகர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவர்கள் ஏமாற்றத்தையே அளித்தனர். செக்கோயா என்பவர், எந்தப் பள்ளியிலும் படியாதவர், 1821-இல் தம் மொழியின் அசைகளுக்கென ஓர் எழுத்து முறையை ஆக்கி முடித்தார். சில ஆண்டுகளில் மக்களில் பெரும்பகுதியினர் அதைக் கற்றுக்கொண்டனர். 1827-இல் அத்தேசம் எழுத்துவடிவில் ஓர் அரசியல் சாசனத்தை ஏற்றது. 1828 பிப்ரவரியில் தலைநகர் நியூ எக்கோட்டாவிலிருந்து ‘செரோக்கி பீனிக்ஸ்’ என்னும் செய்தித்தாள் செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் வெளிவரலாயிற்று. அச்செழுத்துகள் பாஸ்டனில் வார்க்கப்பட்டவை. அதற்கு உறுதுணையாயிருந்தவர் வூஸ்டர். ஆசிரியர் எலியாஸ் பூடினாட் ஒரு செரோக்கியர்; தமக்கு உதவிய அமெரிக்கப் பெருமகன் ஒருவரின் பெயரைத் தம் பெயராகக் கொண்டவர். யாழ்ப்பாணத்தில் 1841-இல் அதே மிஷன் அச்சிட்டு வெளியிட்ட ‘உதயதாரகை’யும் இருமொழி ஏடு என்பதையும், வட்டுக்கோட்டை மாணவர் பலர் அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களைத் தாங்கியிருந்தனர் என்பதையும் நினைவுகூரும் வாசகருக்கு இந்தச் சாயல் வியப்பளிக்காது.

எனினும் இச்சித்திரத்தை மிகைப்படுத்திவிடலாகாது. செரோக்கித் தலைவர்களில் வசதி படைத்தோர் தென்னாட்டுத் தோட்ட முதலாளிகளைப் போலவே கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர். மிஷன் பிரசுரங்கள் இதனை அடிக்கடி மெல்லக் கடந்துசென்றன.

அவர்கள் நிலைத்துவிட்டது ஜார்ஜியாவுக்குப் பொறுக்கவில்லை. 1828 டிசம்பரிலும் 1829 டிசம்பரிலும் சட்டமியற்றி, செரோக்கி நிலத்தை மாநிலத்தின் கவுண்டிகளோடு இணைத்து, செரோக்கியர் இயற்றிய சட்டங்கள் யாவும் 1830 ஜூன் 1 முதல் செல்லாதென அறிவித்தது. வெள்ளையர் சம்பந்தப்பட்ட வழக்கில் பூர்வகுடி ஒருவர் சாட்சி சொல்லவும் தடை விதித்தது. வெள்ளையன் ஒருவன் உன் மாட்டை ஓட்டிச்சென்றால் அதைக் கண்ட உன் அயலார் எவருடைய வாய்ச்சொல்லும் நீதிமன்றத்தில் ஏறாது என்பதே இதன் பொருள். இடையில் அந்நிலத்தில் பொன்னும் கண்டெடுக்கப்பட்டது. 1829-இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜாக்சன், தாம் மாநிலத்தைத் தடுக்கப்போவதில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். 1830 மே 28-இல் அவர் கையொப்பமிட்ட சட்டம், பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் பெயர்த்தனுப்ப வழி செய்தது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றிய பிரசங்கங்கள் நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஆலயங்களில் ஒலித்த காலம் அது. சங்கத்தின் செயலர் ஜெரமையா எவர்ட்ஸ் சட்டம் பயின்றவர். ‘வில்லியம் பென்’ என்னும் புனைபெயரில் 1829-இல் தொடர் கட்டுரைகள் எழுதி, உடன்படிக்கைகளின் சட்ட வலுவை விளக்கினார். 1831 மே மாதம் அவர் மரித்தார், தீர்ப்பைக் காணவில்லை.

அடைபட்ட வாசல்கள்

இந்நிலையில் செரோக்கியர் செய்ததுதான் கவனத்துக்குரியது. அவர்கள் போருக்கு எழவில்லை. வழக்கறிஞரை அமர்த்தினார்கள். முன்னர் கூட்டரசின் தலைமை வழக்கறிஞராயிருந்த வில்லியம் விர்ட் அவர்களுக்காக வாதிட இசைந்தார்.

முதலில் கிடைத்த வாய்ப்பு மிகக் கொடிய முறையில் முடிந்தது. டாசல் என்னும் செரோக்கியர் ஒருவரை, செரோக்கி நிலத்தில் மற்றொரு செரோக்கியரைக் கொன்றதாக ஜார்ஜியா நீதிமன்றம் விசாரித்துத் தூக்குத் தண்டனை விதித்தது. அவ்வழக்கை மறு ஆய்வுக்கு அனுப்புமாறு 1830 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஆணை பிறப்பித்தார். மாநிலச் சட்டமன்றம் கூடி, ஆணையைப் பொருட்படுத்த வேண்டாமெனத் தீர்மானித்தது. டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பின் முந்திய நாளில், டாசல் தூக்கிலிடப்பட்டார். அவரோடு அவ்வழக்கும் மாண்டது.

அடுத்து, செரோக்கி தேசமே ஜார்ஜியாவின்மீது உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குத் தொடுத்தது. அரசியல் சாசனத்தின்படி ஓர் ‘அயல்நாடு’ ஒரு மாநிலத்தின்மேல் அங்கு வழக்காடலாம். 1831 மார்ச் மாதம் தீர்ப்பளித்த மார்ஷல், செரோக்கியர் ஒரு தனித்த அரசியல் சமுதாயமே என ஒப்புக்கொண்டார்; ஆனால் அவர்கள் அயல்நாடு அல்லர், நாட்டின் எல்லைக்குள்ளேயே அதனைச் சார்ந்து வாழும் தேசம் என்றார். எனவே வழக்கை விசாரிக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று தள்ளிவிட்டார். நியாயம் எவர் பக்கம் என்ற கேள்விக்கு விடையளிக்கப்படவில்லை; கேட்டவருக்குக் கேட்கும் தகுதியில்லை என்பதே பதில். நீதிமன்றங்களில் ஏழைகள் நுழைவாயிலிலேயே திருப்பியனுப்பப்படும் விதம் இது. நம் நாட்டிலும் நாம் காணாத ஒன்றன்று.

ஆயினும் ஒரு வழி எஞ்சியிருந்தது. 1789-ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, கூட்டரசின் சட்டத்துக்கோ உடன்படிக்கைக்கோ முரணான மாநிலச் சட்டத்தினால் ஒருவர் தண்டிக்கப்பட்டால், மாநில நீதிமன்றத்தின் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மறு ஆய்வு செய்யலாம். ஆனால் அதற்கு உயிரோடிருக்கும் ஒரு கைதி வேண்டும். அவ்வாறான கைதிகளை ஜார்ஜியா தானாகவே உண்டாக்கிக் கொடுத்தது.

உரிமச் சட்டமும் கைதும்

1830 டிசம்பரில் இயற்றப்பட்ட புதிய சட்டத்தின்படி, 1831 மார்ச் 1-ஆம் தேதிக்குப்பின் செரோக்கி நிலத்தில் வாழும் வெள்ளையர், ஜார்ஜியாவுக்குப் பற்றுறுதி ஆணையிட்டு உரிமச்சீட்டுப் பெற வேண்டும். தவறினால் நான்காண்டுக்குக் குறையாத கடுங்காவல். (ஊழியம் செய்ய உரிமச்சீட்டு என்பது நம் முன்னோருக்கும் புதிதன்று, 1813-க்குப் பின்னரும் இருபது ஆண்டுகள் ஐரோப்பிய மிஷனெரிகள் கம்பெனியின் ஆட்சிப்பகுதிக்குள் வர அத்தகைய சீட்டு வேண்டியிருந்தது. ஆனால் அங்கே யாருடைய ஆட்சி என்பதில் மிஷனெரிகளுக்குச் சந்தேகமில்லை. இங்கே அதுவே வழக்கு.) மிஷனெரிகளே செரோக்கியரைத் தூண்டிவிடுகிறார்கள் என்று மாநில அரசினர் நம்பினர். உண்மையில் செரோக்கியருக்குத் தூண்டுவோர் தேவைப்படவில்லை.

சட்டம் வந்தவுடன், டிசம்பர் இறுதியில் மிஷனெரிகள் நியூ எக்கோட்டாவில் கூடி, ஜார்ஜியாவின் ஆட்சி செரோக்கியருக்குப் பெருந்தீங்கு விளைக்கும் என ஓர் அறிக்கை வெளியிட்டனர். எனினும் எல்லாச் சபையினரும் ஒருமனப்பட்டு நின்றதாகச் சொல்ல முடியாது. தரங்கம்பாடியில் ஒருகாலத்தில் பணிசெய்த மொரேவிய சகோதரர் அங்கும் இருந்தனர். அரசியலில் தலையிடுவதில்லை என்ற தம் மரபின்படி அவர்கள் ஜார்ஜியாவின் எல்லையைவிட்டு விலகினர். மெதடிஸ்துப் போதகர் சிலர் கைதாயினர். ஆனால் அவர்களுடைய மாநாடு அவர்களுக்குப் பின்துணையாக நிற்கவில்லை.

மார்ச் மாதத்தில் வூஸ்டர் முதன்முறை கைதானபோது நீதிபதி கிளேட்டன் அவரை விடுவித்தார். காரணம் விசித்திரமானது: வூஸ்டர் நியூ எக்கோட்டாவின் தபால் அதிகாரி, ஆகவே கூட்டரசின் ஊழியர், சட்டம் அத்தகையோருக்குப் பொருந்தாது. உடனே ஆளுநர் கில்மர் வாஷிங்டனுக்கு எழுதினார். வூஸ்டரின் தபால் பதவி பறிக்கப்பட்டது. மிஷனெரிகள் தம் ஊழியர் அல்லர் என்று கூட்டரசும் தெரிவித்துவிட்டது. ஆளுநருக்கு வூஸ்டர் எழுதிய பதிலில், அந்த ஆணையை எடுத்தால் எந்த மக்களிடையே தாம் வாழ்கிறாரோ அம்மக்களின் நம்பிக்கையை இழந்துவிடுவார் என்றும், தம்முடைய வேதமொழிபெயர்ப்புப் பணி அதனோடு நின்றுபோகும் என்றும் குறித்தார். ஜார்ஜியாவுக்கு அந்நிலத்தில் அதிகாரமில்லை என நம்புகிற ஒருவர் அதற்கு ஆணையிடுவது பொய்யாணை ஆகாதா என்பதே அவருடைய மனச்சாட்சியின் கேள்வி.

ஜூலையில் மீண்டும் கைது. இம்முறை காவற்படையினர் கடுமை காட்டினர். மருத்துவரான பட்லரின் கழுத்தில் சங்கிலி பூட்டிக் குதிரையோடு பிணைத்து இருட்டில் நடத்திச் சென்றனர். பிணையில் வெளிவந்த வூஸ்டர், விசாரணை வரையில் மாநில எல்லைக்கு வெளியே பிரெய்னெர்டில் தங்கினார். அந்நாட்களில் நியூ எக்கோட்டாவில் அவருடைய கைக்குழந்தை இறந்தது. மனைவியைத் தேற்றச் சென்றவரைக் காவலர் மறுபடியும் பிடித்துப் பின்னர் விட்டனர். செப்டம்பர் 15-ஆம் நாள் லாரன்ஸ்வில் நகரில் விசாரணை நடந்து பதினொருவருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. அதன்பின் நிகழ்ந்ததே நாம் தொடக்கத்தில் கண்ட சிறைவாயில் காட்சி.

மன்னிப்பை மறுத்தது வெறும் பிடிவாதமன்று. மன்னிப்பை ஏற்றால் குற்றம் இருந்தது என்றாகும். கைதி விடுதலையானால் உச்ச நீதிமன்றத்தின்முன் வைக்க வழக்கே இராது. பிலிப்பி பட்டணத்தில் இரகசியமாய் வெளியே அனுப்பப்படச் சம்மதியாத பவுலை இங்கே நினைக்காமலிருக்க இயலாது. ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. பவுல் தமக்குரிய ரோமக் குடியுரிமையைக் காட்டினார். வூஸ்டரும் பட்லரும் சிறையிலிருந்தது மற்றொரு மக்களின் உரிமை தம் பெயரில் விசாரிக்கப்படுவதற்காக. சொந்தப் பெயரில் அபயமிட அனுமதியில்லாத ஒரு தேசத்துக்கு அவ்விருவரின் உடல்களே வழக்கு மனுவாயின.

தீர்ப்பு

1832 பிப்ரவரியில் விர்ட்டும் ஜான் சார்ஜென்டும் வாதிட்டனர். உச்ச நீதிமன்றத்துக்குத் தன்னை விசாரிக்க அதிகாரமில்லை என்று கூறி ஜார்ஜியா வழக்கறிஞரை அனுப்பவில்லை. வாதிட்ட இருவரும் அவ்வாண்டுத் தேர்தலில் ஜாக்சனின் கட்சிக்கு எதிராகப் போட்டியிட்டவர்கள்: விர்ட் ஒரு கட்சியின் சார்பில் குடியரசுத் தலைவர் பதவிக்கும், சார்ஜென்ட் மற்றொரு கட்சியின் சார்பில் துணைத்தலைவர் பதவிக்கும். இதனால் வழக்கின் நியாயம் குறையவில்லை. எனினும் நல்ல காரியத்துக்கு உதவ வந்தவர்களுக்குச் சொந்தக் கணக்கும் இருந்தது என்பதைச் சரித்திரம் மறைக்கலாகாது.

மார்ச் 3-ஆம் நாள் மார்ஷல் தீர்ப்பை வாசித்தார். உடன்படிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் சொற்களை ஆராய்ந்த அத்தீர்ப்பின் சாரம் இதுவே: செரோக்கி தேசம் தனக்கென வரையறுத்த நிலத்தில் வாழும் தனித்ததொரு சமுதாயம், அந்நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டங்களுக்கு வலுவில்லை, அத்தேசத்தோடு கொள்ளும் தொடர்பு முழுவதும் கூட்டரசுக்கே உரியது, ஆகவே வூஸ்டரைத் தண்டித்த சட்டம் செல்லாது. வலிமை குறைந்த ஓர் இனம் வலிமை மிக்கதொன்றின் பாதுகாப்பை ஏற்பதனால் தன்னை ஆளும் உரிமையை இழந்துவிடுவதில்லை என்று அவர் கூறியது, சர்வதேசச் சட்டத்தின் வரலாற்றில் இடம்பெறத்தக்கது. நீதிபதி பால்ட்வின் ஒருவரே மாறுபட்டார். அதுவும் வழக்கேடுகள் உரிய முறையில் வந்துசேரவில்லை என்னும் காரணத்தினால்.

அடுத்த நாள் நீதிபதி ஜோசப் ஸ்டோரி தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், பூர்வகுடிகளை ஒடுக்கிய அக்கிரமத்திலிருந்து நீதிமன்றம் இனித் தன் கைகளைக் கழுவிக்கொள்ளலாம் என்று கடவுளுக்கு நன்றி கூறினார். ஸ்டோரி நேர்மையாளர், நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். ஆனாலும் கைகழுவிய ஒரு நீதிபதியைக் குறித்து ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று பிரசங்கிக்கிறவர்கள் அவ்வரியை வாசித்ததும் சற்று நிற்பார்கள்.

நிறைவேற்றுவார் யார்?

‘மார்ஷல் தீர்ப்பளித்துவிட்டார், அவரே நிறைவேற்றிக்கொள்ளட்டும்’ என்னும் பொருள்பட ஜாக்சன் சொன்னதாக ஒரு கூற்று பாடநூல்களிலும் பிரசங்கங்களிலும் வழங்குகிறது. அது அச்சில் தோன்றியது 1864-இல், ஹொரேஸ் கிரீலியின் நூலில். அந்நாளில் ஜாக்சன் அவ்வாறு சொன்னதற்குச் சான்றில்லை. 1832 ஏப்ரலில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அத்தீர்ப்பு உயிரின்றிப் பிறந்ததாக அவர் எழுதியது மெய். அக்கூற்றைவிட இது கூரியது; ஏனெனில் சட்டத்தின் இயக்கத்தை அவர் நன்கறிந்திருந்தார்.

அந்த இயக்கம் இதுதான். உச்ச நீதிமன்றத்தின் ஆணை ஜார்ஜியா நீதிமன்றத்துக்குச் சென்றது. அது கைதிகளை விடுவிக்க மறுத்தது. மறுப்பை எழுத்தில் தரவும் இல்லை. மறுப்பு ஏட்டில் பதிவானால் ஒழிய மேல்நடவடிக்கை எடுக்க அன்றைய சட்டத்தில் வழி தெளிவாயில்லை. உச்ச நீதிமன்றமோ தன் அமர்வை முடித்துக் கலைந்துவிட்டது. 1833 ஜனவரி வரை அது கூடாது. ஆகவே 1832 முழுவதும், ‘நிறைவேற்று’ என்று குடியரசுத் தலைவருக்கு எவரும் ஆணை அனுப்பவே இல்லை. அவர் மறுக்கவும் வேண்டியிருக்கவில்லை, பேசாதிருந்தாலே போதுமாயிருந்தது. இதற்குள் ஜார்ஜியா செரோக்கி நிலத்தை அளந்து, துண்டு துண்டாகச் சீட்டுக் குலுக்கித் தன் குடிகளுக்குப் பங்கிட்டது.

வழக்கைக் கைவிடுதல்

நவம்பரில் ஜாக்சன் மீண்டும் வெற்றி பெற்றார். அம்மாத இறுதியில் அயல் மாநிலமாகிய தென் கரோலினா, கூட்டரசின் சுங்கவரிச் சட்டங்கள் தன் எல்லையில் செல்லாதென அறிவித்தது. டிசம்பர் 10-இல் ஜாக்சன் அதைக் கடுமையாக எதிர்த்து அறிக்கை விட்டார். மாநிலம் கூட்டரசின் சட்டத்தை மீறலாகாது என்று தென் கரோலினாவுக்குக் கூறியவர், ஜார்ஜியா உச்ச நீதிமன்றத்தை மீறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. மிஷனெரிகளின் வழக்கு ஜனவரியில் மறுபடி வந்தால் ஜார்ஜியாவும் தென் கரோலினாவோடு சேர்ந்துவிடும், நாடு பிளவுபடும், உள்நாட்டுப் போர் மூளும் என்று பலர் அஞ்சினர். கைதிகளை விடுவிக்க எல்லாப் பக்கத்திலிருந்தும் முயற்சிகள் எழுந்தன. ஜார்ஜியா அச்சட்டத்தை டிசம்பரில் நீக்கிவிட்டது. மிஷனெரிகளின் வழக்கறிஞர்களில் ஒருவரான எலிஷா செஸ்டர் அவ்வாண்டே அரசின் தூதராக மாறி, நிலத்தை விட்டுக்கொடுக்கும்படி செரோக்கியரிடம் பேசச் சென்றார் என்பதிலிருந்து காற்று எத்திசையில் வீசிற்று என்பதை அறியலாம்.

1832 டிசம்பர் 25-ஆம் நாள் பாஸ்டனில் சங்கத்தின் செயற்குழு கூடியது. நியூ இங்கிலாந்தின் பழைய சபையினர் கிறிஸ்துமஸ் கொண்டாடாதவர்கள். அவர்களுக்கு அது வேலைநாள். வழக்கை மேலும் நடத்த வேண்டியதில்லை என்பது குழுவின் ஆலோசனை. 1833 ஜனவரி 8-இல் வூஸ்டரும் பட்லரும் புதிய ஆளுநர் லம்ப்கினுக்கு எழுதினர்: தங்கள் காரியம் நியாயமானது என்னும் கருத்தில் மாற்றமில்லை, ஆயினும் வழக்கைத் தொடர வேண்டாமெனத் தங்கள் வழக்கறிஞருக்கு அறிவித்துவிட்டனர். ஆளுநருக்கு இந்தத் தொனி பிடிக்கவில்லை. மறுநாள் மற்றொரு கடிதம் சென்றது: மாநிலத்தை அவமதிக்கும் எண்ணம் தங்களுக்கில்லை, தங்கள் விடுதலையை மாநிலத்தின் பெருந்தன்மைக்கே விட்டுவிடுகிறார்கள். ஜனவரி 14-ஆம் நாள் சிறைக்கதவு திறந்தது. பதினாறு மாதங்களுக்குமுன் சட்டத்தின் நியாயத்தைக் கேட்டு உள்ளே சென்றவர்கள் மாநிலத்தின் பெருந்தன்மையைக் கேட்டு வெளியே வந்தனர்.

இதை எவ்வாறு மதிப்பிடுவது? அவர்களைக் கோழைகள் என்பது அநியாயம். குடும்பத்தைப் பிரிந்து சிறையில் உழைத்தவர்கள் அவர்கள். மேலும், உச்ச நீதிமன்றம் மறுபடி ஆணையிட்டிருந்தாலும் அது இரு கைதிகளை விடுவிப்பதோடு நின்றிருக்கும். சீட்டில் நிலம் பெற்றுக் குடியேறியவர்களை வெளியேற்ற அந்த ஆணையில் இடமில்லை. அதற்கு வேறு வழக்குகளும் மனமுள்ள ஓர் அரசும் வேண்டும். இவையனைத்தையும் எடைபோட்ட பின்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. அவ்வழக்கின் முதல் வழக்கறிஞரை அமர்த்தியவர்கள் செரோக்கியர். விசாரிக்கப்பட்டது அவர்களுடைய நிலம். ஆனால் ஏட்டில் வாதியின் பெயர் வூஸ்டருடையது. ஆகவே வழக்கைக் கைவிடும் உரிமையும் அவருடையது. பாஸ்டனிலுள்ள குழு நாட்டின் ஒற்றுமையை எண்ணிக் கொடுத்த ஆலோசனையைத் தடுக்க, வழக்கில் இடமில்லாத அத்தேசத்துக்குச் சட்டப்படி வழியில்லை. பிறருடைய துன்பத்தை நாம் நம் தோளில் சுமக்கும்போது, அதை எப்போது இறக்கிவைப்பது என்னும் அதிகாரமும் நம்மிடமே தங்கிவிடுகிறது. இது மில்லெட்ஜ்வில்லில் மட்டும் நிகழ்ந்ததன்று. அரிஜனர் நிலவழக்குகளிலும் குடிசைப் பகுதிப் போராட்டங்களிலும் மக்கள் பெயரால் மனுப்போட்ட நம் சபைகளும் சமரசத்தின் வேளையில் யாரைக் கேட்டன என்பதை, அவற்றில் பங்குகொண்டோர் நினைத்துப்பார்க்கலாம்.

அதற்குப் பின்

பின்கதை பலரும் அறிந்தது, சுருங்கச் சொல்கிறேன். பூடினாடும் வேறு சிலரும் நீதிமன்றத்தின் வெற்றி பயன்தராது எனக் கண்டு, நிலத்தை விட்டுச் செல்வதே உயிர்பிழைக்கும் வழி என்று முடிவு செய்தனர். பெருந்தலைவர் ஜான் ராஸும் மக்களில் மிகப்பெரும்பான்மையோரும் எதிர்த்து நின்றனர். 1835 டிசம்பர் 29-இல் சிறுபான்மையினர் ஒப்பமிட்ட நியூ எக்கோட்டா உடன்படிக்கையை, 1836 மே மாதம் செனட் சபை தேவையான மூன்றில் இரண்டு பங்கைவிட ஒரே ஒரு வாக்கு மிகையாகப் பெற்று நிறைவேற்றியது. 1838-இல் படைவீரர் மக்களை வீடுவீடாகப் பிடித்துத் தொழுவங்களில் அடைத்தனர். ஏறத்தாழ 16,000 பேர் மேற்கே அனுப்பப்பட்டனர். முகாம்களிலும் வழியிலும் மாண்டோர் ஏறக்குறைய 4,000 எனச் சொல்லப்படுகிறது. அவ்வெண்ணிக்கை பெரும்பாலும் பட்லரின் மதிப்பீட்டிலிருந்து வந்தது; அவர் மருத்துவராக அவர்களோடு அக்குளிர்காலத்தில் சென்றார். வூஸ்டர் 1834-இல் தம் வீட்டை, சீட்டில் அதை வென்றவருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு மேற்கே சென்று பார்க் ஹில்லில் அச்சுக்கூடம் அமைத்து, 1859-இல் இறக்கும்வரை வேதமொழிபெயர்ப்பில் உழைத்தார். அவருடைய உடனுழைப்பாளர் பூடினாட், உடன்படிக்கையில் ஒப்பமிட்டதற்காக 1839 ஜூன் 22-ஆம் நாள் தம் இனத்தவராலேயே கொல்லப்பட்டார்.

1992 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் மன்னிப்பு வாரியம் வூஸ்டருக்கும் பட்லருக்கும் முழு மன்னிப்பு வழங்கியது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதே. ஆனால் மன்னிப்பை மறுத்துச் சிறை சென்ற இருவருக்கு, குற்றமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1832-இல் கூறிய செயலுக்காக மன்னிப்பு!

தீர்ப்போ சாகவில்லை. பூர்வகுடிகளின் நிலத்தில் மாநிலச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் வழக்கறிஞர் அதனை எடுத்துக்காட்டி வந்தனர். 2020 ஜூலை 9-ஆம் நாள், கிரீக் தேசத்தின் ஒதுக்கீட்டு நிலம் கிழக்கு ஒக்லஹோமாவில் ஒருபோதும் கலைக்கப்படவில்லை. ஆகவே அங்கே பூர்வகுடிகள்மீது சாட்டப்படும் பெருங்குற்றங்களை மாநிலம் விசாரிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்னும் வாக்கில் கூறியது. அடுத்த ஆண்டு ஒக்லஹோமா நீதிமன்றம் அதைச் செரோக்கி நிலத்துக்கும் பொருத்தியது. ஆனால் 2022 ஜூன் 29-இல், பாதிக்கப்பட்ட செரோக்கிக் குழந்தை ஒன்றைக் குறித்த வழக்கில், பூர்வகுடி அல்லாதோர் பூர்வகுடிகளுக்கு எதிராக அந்நிலத்தில் செய்யும் குற்றங்களை மாநிலமும் விசாரிக்கலாம் என்று அதே நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்த்தது. வூஸ்டர் வழக்கின் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கைவிடப்பட்டுவிட்டது என்பது பெரும்பான்மையினரின் கூற்று. மாறுபட்ட நீதிபதி கோர்சச், தம் தீர்ப்பின் தொடக்கத்திலேயே ஜார்ஜியாவையும் உரிமச்சீட்டில்லாது பிரசங்கித்ததற்காகக் கைதான மிஷனெரியையும் பற்றி எழுதினார். அவரோடு உடன்பட்டோர் மூவர்.